ஐந்தொகையில் ஏறாத நாட்கள்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் இரவு எட்டரை மணி ஆனதும், படுக்கப் போவதற்கு முன்னால், அப்பத்தா என்னோடு தொலைபேசியில் பேசுவார். நான் படித்த ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் அப்போது குளிர்காலமென்றால் மாலை நான்கு மணி, கோடையென்றால் ஐந்து. இரண்டு ஆண்டுகளில் என் மதிப்பெண்ணைப் பற்றியோ, வேலை எப்போது கிடைக்கும் என்றோ அவர் கேட்டதேயில்லை. "என்னத்தா சமைச்சே?" என்பதுதான் முதல் கேள்வி. நான் சொல்லும் பதிலிலிருந்து மற்றக் கேள்விகள் கிளைத்துக்கொண்டே போகும். அரிசி எங்கே வாங்கினாய், தண்ணீர் உப்புக் கரிக்குமா, பக்கத்து அறைப் பெண் என்ன சாப்பிடுகிறாள், துணியை எங்கே காயப்போடுகிறாய் என்று எண்பத்தேழு வயதில் இவ்வளவு நுணுக்கமாக இவர் ஏன் கேட்கிறார் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

சென்ற மாதம் ஊருக்கு வந்தபோதுதான் விளங்கியது. வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கும் பெட்டகத்தைத் திறந்து, பாட்டையா பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்களை அப்பத்தா எனக்கு எடுத்துக் கொடுத்தார். பாட்டையா என்பவர் என் ஐயாவை, அதாவது அப்பாவின் அப்பாவை, பெற்றவர்; 1930களில் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் நெல் விளையும் சிற்றூர் ஒன்றில், மூன்று மூன்று ஆண்டுகளாக இரண்டு கணக்குக் காலம் ஒரு முதலாளியிடம் கடையை நடத்தும் மேலாளாக இருந்துவிட்டு வந்தவர். பிள்ளையார் சுழியோடு தொடங்கும் அந்தக் கடிதங்களில் அனுப்பிய ரொக்கம் இருக்கிறது, நெல் விலை இருக்கிறது, ஊரில் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற விவரம் அணா பைசாவோடு இருக்கிறது. அவர் என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார், மழை விடாது பெய்த மாதங்களில் மாலைப்பொழுதை எப்படிக் கழித்தார் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. நான் அதைச் சொன்னதும் அப்பத்தா, "எங்க அப்பச்சியும் ரங்கூனுக்குப் போயிட்டு வந்தவுகதான். அங்க என்ன சாப்பிட்டாகன்னு எங்க ஆத்தாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்றார்.

'கொண்டு விக்கப் போதல்' என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் அந்தப் பயணத்தைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தபின் அந்த மண்ணின் அரிசிக்கு உலகச் சந்தை விரிந்ததும், எங்கள் ஊர்களின் வட்டிக்கடைகள் அங்கே பெருகியதும், 1942இல் ஜப்பானியர் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்ததும் ஆராய்ச்சியாளர் பலர் எழுதிய செய்திகள். பேரேடும், சொத்தையும் கடனையும் கூட்டிக் காட்டும் ஐந்தொகையும் இன்றும் பல வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. போன ஒருவரின் சாதாரண நாள் எப்படி விடிந்து எப்படி அடைந்தது என்பது மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அதைக் கேட்டு அறிய விரும்பியவர்கள் வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்திருந்த பெண்கள். பெரும்பாலும் அவர்களை யாரும் உடன் அழைத்துப் போனதில்லை.

என் சித்தப்பா மகள் வரும் செப்டம்பரில் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறாள். அவளுக்காகவும் அப்பத்தாவுக்காகவும் என் இரண்டு ஆண்டுகளின் சாதாரண நாட்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பணம். எங்கள் வீட்டைப் படம்பிடிக்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் பார்த்துவிட்டு எங்களைச் செல்வர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வீட்டில் பதினான்கு புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்கு உண்டு. எங்கள் பங்கு ஓர் அறையும் அதன் முன்னுள்ள பத்தியும்தான். அப்பச்சி என்று நான் கூப்பிடும் அப்பா காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். பொதுவில் கிடக்கும் வீட்டை எந்த வங்கியும் பிணையாக ஏற்காது. பிணையில்லாமல் எங்களுக்குக் கிடைத்த கல்விக் கடன் ஏழரை லட்சம் வரைதான். மீதிக்கு ஆத்தாவின் நகை போயிற்று. சிக்ரி என்று ஊரார் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அதே வளாகத்தில், பி.டெக். படித்து முடித்தவள் நான். வீட்டிலிருந்து மிதிவண்டியில் போய் வரும் தூரத்தில் படித்த ஒருத்திக்கு, பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லாத நாடு என்பதாலேயே ஜெர்மனி கண்ணில் பட்டது.

கட்டணம் இல்லை என்றாலும் வாழும் செலவுக்கு முன்கூட்டியே பணம் காட்ட வேண்டும். நான் போன 2023இல் அது ஆண்டுக்கு 11,208 யூரோ. 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆயிற்று; தங்கைக்கு அந்தக் கணக்கு. அந்தத் தொகையைப் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் மொத்தமாகப் போட்டுவிட்டால், போய்ச் சேர்ந்தபின் மாதத்துக்கு ஒரு பங்கு மட்டும் கையில் கிடைக்கும். எனக்கு 934 யூரோ. அதற்கு மேல் ஒரு காசு எடுக்க முடியாது. ஏறத்தாழப் பத்து லட்சம் ரூபாயை ஒரே நாளில் அனுப்பிவிட்டு வெளிறிய முகத்தோடு வந்த அப்பச்சி இதை விளக்கியபோது, அப்பத்தா உடனே, "அப்ப வேறு வச்சிட்டீங்கன்னு சொல்லு" என்றார்.

எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது. எங்கள் நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குத் திருமணமானதும் அவனையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். ஒரே வீடு, ஒரே வளவு, ஆனால் அவர்களுக்குத் தனி அடுப்படி. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, இவ்வளவு ரொக்கம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அவர்கள் குடும்பம் நடத்தப் பழக வேண்டும். பக்கத்து அடுப்படியில் மாமியார் இருந்தாலும் உப்புத் தீர்ந்தால் அது அவர்கள் பாடு. இருபத்திரண்டு வயதில், திருமணம் இல்லாமல், ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நான் வேறு வைக்கப்பட்டேன்.

934 யூரோ எப்படிப் போயிற்று என்பது என் நோட்டில் நாள்வாரியாக இருக்கிறது. பல மாணவர் சேர்ந்து வாழும் வீட்டில் என் அறைக்கு வாடகை 340. மருத்துவக் காப்பீடு ஏறத்தாழ 120. அது கட்டாயம், அது இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயரே பதிய மாட்டார்கள். அரையாண்டுக்கு ஒரு முறை முந்நூறு யூரோவை ஒட்டிய பருவக் கட்டணம் உண்டு. அதற்குள்ளேயே ரயில், பேருந்துப் பயணச்சீட்டு அடங்கிவிடுவதால் அதை இழப்பாக நான் எண்ணவில்லை. சாப்பாட்டுக்கு மாதம் 160க்குள் நிறுத்தப் பழகினேன். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு விலையையும் தொண்ணூறால் பெருக்கிப் பார்த்து, ஒரு முருங்கைக்காயின் விலையில் ஊரில் ஒரு கட்டே வாங்கலாம் என்று வைத்துவிட்டு வருவேன். அப்படிப் பெருக்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் ஒருவர் அங்கே குடியிருக்கத் தொடங்கவில்லை என்றே சொல்வேன். தங்கை இதை மட்டும் விரைவில் விட்டுவிட வேண்டும். கணக்கு எழுதுவதை விடக் கூடாது.

போன முதல் வாரத்தில் எனக்கு வந்த இடர் என் பெயரால் வந்தது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வீட்டுக்காரரின் கையொப்பமிட்ட சான்றும் கடவுச்சீட்டும் எடுத்துக்கொண்டு போனால், குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் அதற்கான இடத்தில் அப்பச்சியின் பெயர் இருந்ததால் அதுவே என் பெயராயிற்று. இரண்டு ஆண்டுகளாகப் பேராசிரியர், மருத்துவர், அஞ்சல்காரர் எல்லோரும் என்னை அப்பச்சியின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். முதலில் யாரோ அப்பச்சியைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். பிறகு அது எனக்கு ஒரு துணையாகவே தோன்றத் தொடங்கியது.

அதைவிட முக்கியமானது தபால் பெட்டி. வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, அவற்றுக்கான மறைக் குறியீடு எல்லாம் அங்கே இன்னும் கடிதத்தில்தான் வருகின்றன. வாசலிலுள்ள பெட்டியில் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். எனக்கு இது தெரியாமல் வங்கி அட்டை ஒரு மாதம் தாமதமானது. ஊரிலிருந்து கொண்டுவந்த 200 யூரோவில் அந்த மாதத்தை ஓட்டினேன். 'விலாசம்' என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கும் கனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டன் முப்பாட்டன் முதலெழுத்துகளைக் கோத்து எழுதும் விலாசத்தின் பேரில்தான் முகம் பாராமலே உண்டியல் என்ற பணமுறி மாறியது, கடன் கொடுத்தார்கள். ஒரு துண்டுத்தாளில் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டுவது போய்ச் சேர்ந்த அன்றே, பயணப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, செய்ய வேண்டிய வேலை.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: இரண்டு ஜெர்மானியர், ஒரு துருக்கிப் பெண், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஈரானியப் பெண் ஒருவர், நான். ஐந்து அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு, அலமாரியில் ஆளுக்கு ஒரு கதவு. சுவரில் துப்புரவு முறைப் பட்டியல் தொங்கும். இந்த வாரம் சமையலறை யார், குளியலறை யார், குப்பை யார் என்று சுழன்று வரும். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளைப் பற்றி ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரே நீளமான கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை. பகலில் அதுவே கடை, இரவில் அதன் பக்கத்திலேயே படுக்கை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிட்டங்கியில் சமைத்துப் போட ஆள் இருந்தார். வெளிநாட்டுக்குப் போய் வந்த ஆண்கள் நான்கு தலைமுறையாகச் சேர்த்து வைத்த அனுபவத்தில் உலை வைப்பதும் கழிவறை கழுவுவதும் கிடையாது. நான் அங்கே பிழைத்ததற்குக் காரணமான அறிவு முழுவதும் வீட்டில் இருந்த பெண்களிடமிருந்து வந்தது.

குப்பையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அங்கே ஒருவரை மதிப்பிடுவது அதை வைத்துத்தான். காகிதத்துக்கு நீலத் தொட்டி, உறைகளுக்கு மஞ்சள், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு, எதிலும் சேராததற்குக் கறுப்பு. கண்ணாடிக் குப்பிகளை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்கும். ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குப்பி ஒவ்வொன்றுக்கும் விலையோடு 25 சென்ட் முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். காலிக் குப்பியைக் கடையிலுள்ள எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். மாதக் கடைசியில் சாக்கு நிறையக் குப்பிகளைக் கொண்டுபோய்ப் போட்டு, வந்த நான்கு யூரோவில் அரிசி வாங்கியிருக்கிறேன். எதையும் வீணாக்காத வீட்டில் வளர்ந்தவருக்கு இது பழகிய ஒழுங்குதான். அரிசி களைந்த நீரைக் கூடக் கொட்டாமல் வெண்டைக்காயும் புளியும் போட்டு மண்டியாக வைத்துவிடும் ஊர்க்காரர்கள் நாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது. முதல் ஞாயிறன்று இது தெரியாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, வெறிச்சோடிய தெருவில் ஒரு மணி நேரம் நடந்து திரும்பினேன். அன்று வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சலவை எந்திரம் ஓட்டுவதற்குக் கூடத் தயங்குவார்கள். இரவு பத்து மணிக்கு மேலும் அப்படித்தான். இட்லிக்கு மாவு அரைக்க நான் கொண்டுபோன சிறிய மிக்ஸி எழுப்பும் ஓசை மூன்று மாடிக்கும் கேட்கும் என்பதால், சனிக்கிழமை பகலில் அரைப்பது என்று வைத்துக்கொண்டேன். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. இரண்டு முறை கெட்டுப்போன பிறகு, அடுப்பின் வேகும் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, சூடு போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுவதும் விட்டால் காலையில் பொங்கியிருக்கும் என்று கண்டுபிடித்தேன். அடுப்பின் கதவில் 'உள்ளே மாவு இருக்கிறது' என்று ஜெர்மன் மொழியில் எழுதி ஒட்டினேன். நான் பிழையில்லாமல் எழுதிய முதல் ஜெர்மன் வாக்கியம் அது.

தாளிப்பதுதான் கடினம். வரமிளகாய் எண்ணெயில் விழுந்ததும் கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கும். மற்ற நால்வரும் இருமிக்கொண்டு சமையலறைக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் அடுப்படிகள் கடைசிக் கட்டில், வானம் பார்த்த முற்றத்தை ஒட்டி இருக்கின்றன. புகை போவதற்கென்று யாரும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அங்கே ஜன்னலை முழுவதும் திறந்து, அறைக் கதவுகளை மூடிவிட்டு, எண்ணெய் அதிகம் காய்வதற்கு முன்பே கடுகைப் போட்டு, மிளகாயைக் கிள்ளிக் கடைசியில் சேர்க்க வேண்டும். உறைபனிக் காலத்திலும் ஜன்னலைத் திறப்பதற்கு அவர்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். நாள்தோறும் இரண்டு வேளை ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்று மாற்றாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம். வாடகை ஒப்பந்தத்திலேயே அது எழுதியிருந்தது.

அரிசியும் உளுந்தும் கருவேப்பிலையும் ஈழத்தமிழர் கடையில் கிடைக்கும். அந்தக் கடைகள் இல்லையென்றால் என் நாட்கள் வேறு மாதிரி இருந்திருக்கும். முதல் நாள் கல்லாவில் இருந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே அடையாளம் கண்டு, "வாங்கோ பிள்ளை, எந்த ஊர்?" என்று கேட்டபோது, பதினோரு நாள் கழித்துக் காதில் விழுந்த தமிழுக்குப் பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. காரைக்குடிப் பக்கம் என்றேன். அவர் ஒரு கட்டுக் கருவேப்பிலையைக் கணக்கில் சேர்க்காமல் பையில் வைத்தார். 1983க்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடும் ஹாம் நகரின் ஊன்ட்ரொப் பகுதியில், அவர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். தொழிற்பேட்டைக்கு நடுவே, சரக்கு லாரிகள் நிற்கும் தெருவில், அத்தனை பேரும் வெறுங்காலோடு வடம் பிடித்து நடந்ததைக் கண்டபோது, 1859இல் சிங்கப்பூரின் டேங்க் சாலையில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்த எங்கள் முன்னோரை நினைத்துக்கொண்டேன். அவர்கள் திரும்பி வருவதற்கு ஊர் இருந்தது. இவர்களில் பலருக்குத் திரும்ப முடியாத ஊரின் நினைவுதான் உண்டு. கல்லாவில் இருக்கும் அந்த அம்மாவிடம் ஊரைப் பற்றி நானாகக் கேட்டதில்லை. அவரே ஒரு நாள், கடையில் யாரும் இல்லாதபோது, தம் வீட்டு முற்றத்தில் நின்ற மாமரத்தைப் பற்றி மட்டும் சொன்னார்.

படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வேதிப் பொறியியல் எங்கும் வேதிப் பொறியியல்தான். பழக்கங்கள் வேறு. பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும். அந்தக் கால் மணி நேரம் வழிவழியாக வந்த வழக்கம். விரிவுரை முடிந்ததும் கை தட்ட மாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். இரு வளாகங்களுக்கும் இடையே, தலைக்கு மேல் தண்டவாளத்தில் தொங்கியபடி, ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்று 1984 முதல் ஓடுகிறது. இதை அப்பத்தாவுக்கு விளக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. பல பாடங்களில் வீட்டுப்பாடமோ இடைத்தேர்வோ இல்லை. பருவத்தின் கடைசியில் வரும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண்ணும். மூன்று முறை எழுதலாம், மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. யாரும் துரத்திப் படிக்க வைக்காத அந்த நான்கு மாதங்களில் தானாக உட்கார்ந்து படிக்கத் தெரியாதவர்கள் தடுமாறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். என்னோடு வந்த இருவர் முதல் பருவத்தில் ஒரு தேர்வும் எழுதவில்லை. மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி. எனக்கு 1.7 வந்த அன்று அப்பச்சி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லை ஆத்தா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். விளக்கிச் சொன்னதும் அவர் அழுதுவிட்டார்.

இரண்டாம் பருவத்திலிருந்து வேலைக்குப் போனேன். வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சில் வரம்பை உயர்த்தியிருந்தார்கள். குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 12.41 யூரோ. ஆய்வகத்தில் உதவியாளர் இடம் கிடைக்கும் வரை ஒரு பொருள் அனுப்பும் கிடங்கில் மாலை ஆறு முதல் பதினொன்று வரை பெட்டி அடுக்கினேன். கிடங்கின் பெயரை எழுதுவதில் பயனில்லை. அங்கே வேலை கடுமையானது, மேற்பார்வையாளர் ஒருவர் இடைவேளை நிமிடங்களைக் கூலியில் தவறாகக் கழித்தார். என் நோட்டில் ஒவ்வொரு நாளும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எழுதியிருந்ததால், மாதக் கடைசியில் அதைக் காட்டி 31 யூரோவைத் திரும்ப வாங்கினேன். உடன் வேலை செய்த மாணவர்கள் பலர் எழுதி வைக்காததால் கேட்க முடியவில்லை. அப்பச்சி எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு ஒன்றுதான்: அன்றன்றைக்குப் படுக்குமுன் எழுதிவிட வேண்டும், மறுநாள் எழுதுவது கணக்கில்லை, கதை. அந்த மாதங்களில் கால் வீங்கி, இரவு பதினொன்றரைக்குக் காலி ரயிலில் திரும்பி, குளிர்ந்த சோற்றில் தயிரை ஊற்றிச் சாப்பிட்டேன். இதையெல்லாம் அப்பத்தாவிடம் அப்போது சொல்லவில்லை. "நூலகத்தில் இருந்தேன்" என்றேன். பாட்டையாவின் கடிதங்களில் ஏன் ஒன்றும் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

டிசம்பர் மாதம் எட்டரை மணிக்குத்தான் விடியும், நாலரைக்குள் அடைந்துவிடும். வெயில் என்பது வெளிச்சமாக மட்டும் வரும், அதில் சூடு இருக்காது. கடுங்கோடையில் வெயிலைத் திட்டியே வளர்ந்த எனக்கு, மூன்று வாரம் சூரியனைக் காணாதபோது காரணமில்லாமல் அழுகை வந்தது. மருத்துவர் டி வைட்டமின் மாத்திரை கொடுத்தார். ஈரானியப் பெண், காலை பத்து மணிக்கு எப்படியிருந்தாலும் வெளியே இறங்கி நடக்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். இரண்டும் உதவின.

நான் போன ஆண்டின் டிசம்பரில்தான் அங்கே என் முதல் பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள். புது வேட்டியிலிருந்து உருவிய இருபத்தோரு இழையைத் திரியாக்கி, பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த இழைமாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையிலிருந்து வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். புது வேட்டியை ஆத்தா பெட்டியிலேயே வைத்து அனுப்பியிருந்தார். மாவை நானே இடித்தேன். ஆனால் இழையைப் பெரியவர் ஒருவர் எடுத்துத் தர வேண்டும், தானாக எடுத்துக்கொள்வது வழக்கமில்லை. தொலைபேசியில் அப்பத்தாவிடம் கேட்டேன். "அந்த வீட்டுல உனக்கு மூத்தது யாரு?" என்றார். ஈரானியப் பெண்ணுக்கு முப்பத்தொரு வயது. "அப்ப அதுதான் பெரியாளு. அது கையால வாங்கிக்க" என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் விளக்கினேன். அவர் சிறிது யோசித்து, தம் ஊரிலும் குளிர்காலத்தின் மிக நீண்ட இரவில் வீட்டுப் பெரியவரைச் சுற்றி எல்லோரும் உட்காருவது வழக்கம் என்றும், அதற்கு யால்டா என்று பெயர் என்றும் சொன்னார். பிறகு தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, நான் காட்டிய விதமாகவே இழைமாவை வலக்கையில் எடுத்து, சுடர் அணையாமல் என் கையில் வைத்தார். திரையில் வளவு முழுவதும் கூடியிருந்த ஆச்சிமாரும் அயித்தைமாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகைக் கருவி ஒலிக்கவில்லை. சில நாள் கழித்து அவருடைய யால்டா இரவில், மாதுளம்பழத்தை உடைத்துத் தட்டில் வைத்து, அந்த வீட்டில் எங்கள் ஐந்து பேருக்கும் அவரே பெரியவராக இருந்து எடுத்துக் கொடுத்தார்.

தங்கையின் பெட்டியை இப்போது நானும் ஆத்தாவும் கட்டிக்கொண்டிருக்கிறோம். விமானத்தில் இருபத்துமூன்று கிலோதான். மனகோலமும் சீப்புச்சீடையும் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும் என்று சொல்லிக் குறைத்துவிட்டேன். அந்த எடைக்கு இரண்டு முள் உள்ள பிளக்கோடு சிறிய மிக்ஸி, இட்லித் தட்டு, மிளகாய்ப் பொடி, ஒரு புது வேட்டி, பெயர் எழுதி ஒட்டுவதற்குத் தாள், ஒரு கட்டு நோட்டுப் புத்தகம். எழுதி எழுதி நான் நிறுத்திய இடத்தில் அப்பத்தா வந்து உட்கார்ந்து, இதுவரை எழுதியதைப் படிக்கச் சொன்னார். கிடங்கு வேலையைப் படித்தபோது ஒன்றும் பேசவில்லை. காலை மட்டும் நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

தங்கை பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி, "எட்டரைக்குத்தான் விடியுமா? அதுவரைக்கும் என்ன செய்வே?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு எந்திரிச்சு லைட்டைப் போட்டு உலை வைப்பேன்" என்றேன்.

"என்ன அரிசி?" என்றார் அப்பத்தா.

"கடையில சம்பா கிடைக்கும் அப்பத்தா. கொஞ்சம் தடிப்பா இருக்கும், நேரம் பிடிக்கும்."

"எவ்வளவு தண்ணி?"

சொல்லத் தொடங்கினேன்.